புதுச் சட்டியும் புதுத் துவக்கும்

புதிய மண்சட்டியை வாங்கி வந்த அன்றே அதில் உலையேற்றும் இல்லத்தரசி எவரும் இலர். ஓரிரவு அதனை நீரில் ஊற வைப்பர். அரிசி கழுவிய நீரை அதிற் கொதிக்க வைத்துக் கொட்டுவர். மெல்லிய நெருப்பிலிட்டு மெள்ள மெள்ளச் சூடு தாங்கச் செய்வர். புதிய தோசைக்கல்லாயின் எண்ணெய் பூசி, வெங்காயத்தால் தேய்த்துச் சில நாள் வைத்திருப்பர். புதிய அம்மியில் முதலில் அரைபடும் அரிசியும் தவிடும் கல்மணலோடு முற்றத்திற் கொட்டப்படும். அதன் பின்னரே மிளகாய்க்கு அங்கே இடம் உண்டு. இதற்குப் 'பழக்குதல்' என்று நம் பெண்டிர் பெயரிட்டிருக்கின்றனர். பொருளை நமக்குப் பழக்குகின்றோமா, நம்மைப் பொருளுக்குப் பழக்கிக்கொள்கின்றோமா என்று வினவினால், இரண்டும் உண்மையே எனல் வேண்டும்.

இவ்வாரம் நாம் எழுதப் புகுவது சட்டியைப் பற்றியன்று. அதே பழக்குதலை, விலை மிகுந்த ஒரு புதுக் கைத்துப்பாக்கிக்குச் செய்யக் கண்டதைப் பற்றி எழுதுகின்றோம்.

கண்டி நகருக்கு மேலே ஹந்தானை மலைச்சாரலில் எமது நெடுநாளைய அன்பர் ஒருவர் வாழ்கின்றார். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமை முதல் இலக்குச் சுடும் விளையாட்டில் ஈடுபாடு மிக்கவர். பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டும், முறைப்படி உரிமம் பெற்றும், 'பொயின்ட் 22' எனப்படும் சிறு ரவையைச் சுடும் ஜெர்மன் நாட்டுக் கைத்துப்பாக்கி ஒன்றினை அவர் வாங்கியிருந்தார். பல்கலைக்கழகத்திற் பயிலும் அவர் மகளும் அவ்விளையாட்டிற் புகுந்திருக்கின்றாள். ஆயுத பூசைக்கு முன்னாள் மாலை, "புதுப் பெட்டியைத் திறக்கப் போகின்றேன், வந்து பாருங்கள்" என்று அவர் அழைத்தமையால் நாமும் சென்றிருந்தோம்.

இங்கு ஒன்று கூறுதல் வேண்டும். 1983 முதல் 2009 வரை இந்நாட்டில் நிகழ்ந்த போரின் பின்னர், துவக்கு என்னும் சொல் காதில் விழுந்தாலே பல தமிழ் வீடுகளிற் பேச்சு நின்றுவிடுகின்றது. அதனை நாம் அறியாதவர் அல்லோம். அன்பரின் துணைவியாரும் அன்று மாலை கூடத்தின் வாயிற்படியிலே நின்றனரேயன்றி உள்ளே வரவில்லை. "சாப்பாட்டு மேசையில் அதை வைக்கக் கூடாது, அலுமாரிச் சாவி உங்கள் இடுப்பைவிட்டு நீங்கக் கூடாது" என்பன அவர் இட்ட கட்டளைகள். அன்பர் இரண்டையும் ஏற்றுக்கொண்டிருந்தார். அஞ்சத்தக்க பொருளை அஞ்சுதல் அறிவுடைமை. ஆயினும் அறியாமையால் வரும் அச்சம் எவரையும் காப்பதில்லை. இதனை அன்பர் வீட்டில் நாம் கண்டோம்.

அன்பர் தனியே ஒரு பலகையை விரித்து, அதன்மேல் பழைய வெள்ளைத் துணியைப் பரப்பி, சன்னற் கதவுகளைத் திறந்து வைத்தார். அறையில் ஒரு ரவைகூட இல்லை; அவை வேறோர் அறையிற் பூட்டப்பட்டிருந்தன. பெட்டியைத் திறந்தார். கரிய எஃகும் வாதுமை மரப் பிடியுமாக அக்கருவி ஒரு வாத்தியம் போல் உள்ளே கிடந்தது. மகள் ஆவலோடு கை நீட்டினாள்.

"முதலில் என்ன செய்ய வேண்டும், மகள்?"

"துடைக்க வேண்டும், அப்பா."

"இல்லை. பார்க்க வேண்டும்."

அவர் குழலைச் சுவரின் பக்கம் திருப்பினார். விசையில் விரல் படாமல் ரவைக்கூட்டைக் கழற்றி வைத்தார். அதன் பின்னர் மேற்பகுதியைப் பின்னே இழுத்து நிறுத்தி, ரவை அமரும் அறையைக் கண்ணாற் பார்த்தார். சிறு விரலாலும் தடவிப் பார்த்தார். மகளிடம் நீட்டினார், அவளும் பார்த்தாள். எம்மிடமும் நீட்டினார்.

"தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த புதுப் பொருளில் ரவை எப்படி இருக்கும், அப்பா?" என்று அவள் சிரித்தாள்.

அன்பர் சிரிக்கவில்லை. "பார்க்காத குழல் நிறைந்த குழல் என்று வைத்துக்கொள், மகள்" என்றார். பின்னர் எம் பக்கம் திரும்பித் தம் தந்தையாரின் கதையைக் கூறினார்.

தந்தையார் புசல்லாவைப் பகுதித் தோட்டம் ஒன்றிற் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காட்டுப்பன்றிகள் மரக்கறித் தோட்டங்களை அழித்த காலத்தில் இரட்டைக் குழல் துவக்கு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. மழைக்கால மாலையொன்றில், முதல் நாள் இரவு காவலுக்குக் கொண்டு சென்ற அத்துவக்கை, வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து துடைத்தார். முன்னிரவே தோட்டாக்களைக் கழற்றிவிட்டோம் என்பது அவர் நினைவு. நினைவு பிழைத்தது. ஒரு குழல் மாத்திரம் வெடித்தது. குழல் மேல்நோக்கியிருந்தமையால் சன்னங்கள் தகரக் கூரையைத் துளைத்துப் போயின. ஐந்து முழத்துக்கு அப்பால் அன்பர் தொட்டிலிற் கிடந்தாராம்.

"எவருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் கூரையைச் சீர்செய்ய எங்கள் அம்மா விடவே இல்லை. மழை பெய்யும் போதெல்லாம் அந்த இடத்தில் ஒழுகும். ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்பாவைப் பார்ப்பார். ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். நாங்கள் அந்த வீட்டை விட்டு வரும்வரை அந்தப் பாத்திரம் அங்கேதான் இருந்தது" என்று முடித்தார்.

மகள் கருவியை மீண்டும் ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

இதில் வாசகர்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இக்காலக் கைத்துப்பாக்கிகளில் ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் கருவி வெறுமையாகிவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். ரவைக்கூடு வெளியே வந்த பின்னரும் குழலின் அடியில் ஒரு ரவை தங்கியிருத்தல் கூடும். முதலிலே மேற்பகுதியை இழுத்து, அதன் பின்னர் கூட்டைக் கழற்றுபவர் இன்னும் பெரிய பிழை செய்கின்றார்; இழுத்து விட்டபோது கூட்டிலிருந்த புது ரவை ஒன்று குழலுள் ஏறிக்கொள்ளும். வரிசை மாறினால் வாழ்வே மாறிவிடும். கூடு முன்னே, குழல் பின்னே, கண் கடைசியில்: இவ்வரிசையை மகள் மூன்று முறை வாய்விட்டுச் சொன்ன பின்னரே அன்பர் துணியை எடுத்தார்.

புதுப் பொருளை ஏன் துடைத்தல் வேண்டும் என்பது அடுத்த வினா. தொழிற்சாலையார் கடற்பயணத்திலும் கிடங்கிலும் துருப் பிடியாதிருத்தற் பொருட்டு எஃகின்மீது தடித்த காப்பெண்ணெயைப் பூசி அனுப்புகின்றனர். அது காப்பதற்கு உரியதேயன்றி, உராய்வைத் தணிப்பதற்கு உரியதன்று. அதனோடு, அனுப்புமுன் சோதனைக்காகச் சுட்டுப் பார்த்த கரியும், கடைசல் வேலையில் எஞ்சிய உலோகப் பொடியும் உள்ளே ஒட்டியிருத்தல் கூடும். அவற்றை அகற்றாமற் சுடுதல், புதிய அம்மியில் முதல் நாளே சம்பல் அரைப்பதற்கு ஒப்பாகும்.

அன்பர் கருவியோடு வந்த கைந்நூலை முதலில் வாசித்தார். அது சொன்ன அளவுக்கு மாத்திரமே பாகங்களைக் கழற்றினார். சுருள்வில் தெறித்துக் கண்ணிற் படலாமாதலால் இருவரும் கண்ணாடி அணிந்திருந்தனர். சுத்திகரிப்புத் திரவத்தில் நனைத்த சிறு துணித்துண்டைக் கோலின் நுனியிற் கோத்துக் குழலின் பின்புறமிருந்து முன்புறமாகச் செலுத்தினார். துணி கறுத்து வெளிவந்தது. கறுப்பு மாறும்வரை புதுத் துணி. பின்னர் உலர்ந்த துணி.

குழலின் உட்புறத்தே திருகுசுருளாக ஓடும் தவாளிப்புகள் உள்ளன. ரவையின் குண்டைப் பம்பரம் போற் சுழலச் செய்து நேர்வழியிற் செலுத்துபவை அவை. குழலின் வாய்விளிம்பு அதனினும் முக்கியமானது. குண்டு கடைசியாகத் தொட்டு நீங்கும் இடம் அதுவேயாதலால், அங்கே மயிரளவு வடு நேரினும் குண்டு ஒருபுறம் சாயும். எஃகுக் கோலை வாய்ப்புறமிருந்து குத்திக் குத்தித் துடைப்பவர் தம் கையாலேயே அவ்விளிம்பைத் தேய்க்கின்றார். சுட்டுத் தேய்ந்த குழல்களினும் துடைத்துத் தேய்ந்த குழல்களே அதிகம் என்று இத்துறையில் முதிர்ந்தோர் கூறுவது இது பற்றியே. தூரிகை வேண்டுமாயின் எஃகினும் மென்மையான பித்தளையோ நைலோனோ கொள்ளல் நலம்.

"தேங்காயெண்ணெய் பூசலாமா?" என்று நாம் அறியாமையாற் கேட்டுவிட்டோம். இம்முறை வாயிற்படியில் நின்ற துணைவியாரே விடை கூறினார்: "தையல் மெஷினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு ஒரு வருடம் அது இறுகிக் கிடந்தது மறந்து போயிற்றா?"

அது சரியான விடை. தாவர எண்ணெய்கள் காற்றோடு கலந்து நாளடைவிற் பிசினாகித் தடிக்கும் இயல்புடையன. பொறிகளுக்கு உரிய கனிம எண்ணெய் அவ்வாறு ஆவதில்லை. அதனையும் சொட்டுச் சொட்டாக, சறுக்கும் இடங்களுக்கு மாத்திரம் இட்டு, எஞ்சியதைத் துடைத்துவிடுதல் வேண்டும். மிகுந்த எண்ணெய் தூசியைச் சேர்க்கும். ரவைக்குள் ஊறினால் மருந்தைக் கெடுக்கும். சுடுவதற்கு முன் குழலின் உட்புறம் உலர்ந்திருத்தலும் அவசியம்.

கண்டியில் இவ்வேலைக்குத் தனிக் கவனம் வேண்டும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இடத்தில் நகரம் அமைந்துள்ளது. தென்மேல் பருவமும் வடகீழ்ப் பருவமும் இரண்டும் இங்கே மழை தருகின்றன. ஐப்பசி கார்த்திகையில் அலுமாரித் துணிகளே பூஞ்சணம் பூக்கின்றன. வெறும் விரலால் எஃகைத் தொட்டு வைத்தால், வியர்வையின் உப்பு சில நாளில் விரல் ரேகையைத் துருவாக எழுதிக் காட்டும். அழகிய தோலுறையில் வைத்துப் பூட்டுதலும் தவறு; தோல் ஈரத்தை உறிஞ்சி எஃகோடு அணைத்து வைத்திருக்கும். புகைப்படக் கருவி வைத்திருப்போர் பயன்படுத்தும் சிலிக்கா ஜெல் மணிகளைப் பெட்டியில் இட்டு, அவை நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் இடுதல் நன்று.

துணியை மாற்றிக்கொண்டே, "இந்த ஊருக்கு இது புதிய வேலையன்று" என்றார் அன்பர். உண்மை. துவக்கு, துப்பாக்கி என்னும் நம் சொற்களும், சிங்களத்தின் 'துவக்குவ' என்பதும் துருக்கிய மொழியின் 'துஃபெக்' என்னும் சொல்லோடு உறவுடையன. சொல் வெளியிலிருந்து வந்ததாயினும், தொழிலை இத்தீவின் கம்மாளர் விரைவிலே தமதாக்கிக்கொண்டனர். போர்த்துக்கேயர் வரும்வரை இங்கே துவக்கு இருந்ததில்லை என்றும், தம்மோடு இடைவிடாது போரிட்டதனால் இந்நாட்டார் தேர்ச்சி பெற்றுத் தம்முடையவற்றினும் சிறந்த துவக்குகளைச் செய்கின்றனர் என்றும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ எழுதி வைத்துள்ளார். பகைவரின் புகழ்ச்சி எளிதிற் கிடைப்பதன்று. பழைய கண்டித் துவக்குகளைக் காண்போர் ஒரு புதுமையைக் காணலாம்: பிற நாட்டுத் துவக்குகளிற் பெரும்பாலும் வலப்புறத்தே அமையும் தீயூட்டும் பொறி இவற்றில் இடப்புறத்தே அமைந்திருக்கும்.

வெடிமருந்தின் முதற்பொருளும் இம்மலைகளிலேயே கிடைத்தது. தும்பறைப் பகுதியில், இன்று நக்கிள்ஸ் என வழங்கும் மலைத்தொடரில், நைட்டர் குகை என்று ஓரிடம் உண்டு. வௌவால்கள் வாழும் இத்தகைய குகைகளின் பாறையிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்ட செய்தியை, 1821இல் வெளிவந்த தமது நூலில் ஜோன் டேவி என்னும் ஆங்கிலேய மருத்துவர் விவரித்துள்ளார். வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் இளைய சகோதரர் அவர்.

வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விகிதத்தில் அமைந்த பழைய கருமருந்து எரிந்த பின்னர், அதன் எடையிற் பாதிக்கு மேல் திண்மமாகவே எஞ்சும். அவ்வெச்சத்தில் உள்ள உப்புகள் ஈரத்தை இழுத்து ஓரிரவிலே குழலை அரிக்கும். அதனால் கருமருந்துத் துவக்கைச் சுட்டவுடன் சுடுநீராற் கழுவுதல் முறை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் பல நாட்டு ரவைகளின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்து, நமது சமையலுப்பைப் போன்ற மற்றோர் உப்பாகக் குழலிற் படியும். அதன்மேல் எண்ணெய் பூசுவதாற் பயனில்லை. நல்லெண்ணெயில் உப்புக் கரையாது என்பதை ஊறுகாய் போடும் எவரும் அறிவர். நீரே அதனைக் கரைக்கும். நீருக்குப் பின்னரே எண்ணெய். துருவின் காரணத்தை அறியாமல் எண்ணெயை மாத்திரம் நம்பியவர்கள் நல்ல குழல்கள் பலவற்றை இழந்தனர்.

இக்காலத்து ரவைகளில் அந்த உப்பு பெரும்பாலும் இல்லை. அதற்கு மாறாக வேறொரு தீங்கு உண்டு. பல தீமூட்டிகளில் ஈயச் சேர்மம் இருக்கின்றது. சிறு ரவைகளின் குண்டும் ஈயமே. சுட்ட பின்னர் துடைக்கும் துணியிலும் விரலிலும் ஈயத்தூள் படியும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகையால், சாப்பாட்டு மேசையில் வைக்கக் கூடாது என்று துணைவியார் இட்ட கட்டளை, அவர் அறிந்தோ அறியாமலோ, மருத்துவர் இடும் கட்டளையேயாகும்.

இனிப் பழக்குதலைப் பற்றிக் கூறுவோம். புதுக் குழலின் உட்புறம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும் உளி சென்ற நுண்வடுக்கள் அதில் இருக்கும். செம்பு உறையிட்ட குண்டு செல்லுந்தோறும் சிறிது செம்பு அவ்வடுக்களிற் படியும். ஒரு முறை சுடு, துடை. மறுமுறை சுடு, துடை. பின்னர் சில சூட்டுக்கு ஒரு முறை துடை என்று சிலர் நெறி வகுத்திருக்கின்றனர். உயர்ந்த குழல்களைச் செய்வோர் ஈயக் கட்டியில் அரத்தூட் பசையைத் தடவி, உட்புறத்தைக் கையாலேயே இழைத்து மெருகிட்டு விடுகின்றனர். அத்தகைய குழலுக்கு இந்நெறி தேவையில்லை என்றும், வீணே ரவையையும் குழலின் ஆயுளையும் செலவிடுவதாகும் என்றும் மறுப்போர் உளர். குழல் செய்வோரே இதில் இரு கட்சியாக நிற்கின்றனர்.

அன்பருடைய கருவி, மெழுகு பூசிய ஈயக் குண்டைச் சுடுவது. ஆகவே செம்பைப் பற்றிய வழக்கு அதற்கு இல்லை. அதன் குழலில் மெழுகும் ஈயமும் மெல்லிய படலமாகப் படிந்த பின்னரே குண்டுகள் ஒரே இடத்திற் சேரும். முற்றத் துடைத்த குழலின் முதற் சில குண்டுகள் சிதறிப் போதல் இயல்பு. பொறிப்பாகங்கள் ஒன்றோடொன்று இசைவதற்குச் சில நூறு ரவைகள் வேண்டும். அதற்குள் ஒன்றிரண்டு ரவை சிக்கினால், கருவி கெட்டது என்று அரத்தை எடுத்துக்கொண்டு புறப்படுதல் பேதைமை. எந்த ரவை, எத்தனையாவது சூடு, என்ன நேர்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதி வருதலே முறை. இவ்வகைக் கருவியில் ரவையின்றி விசையை இழுத்துப் பழகுவதற்கும் கைந்நூலின் அனுமதி வேண்டும். ஊசி வெறும் எஃகு விளிம்பை அடித்து வடுப்படுத்தல் கூடும்.

"பழகுவதற்கே இத்தனை நாளா!" என்று மகள் சலித்தாள். அன்பர் ஓர் உண்மை நிகழ்ச்சியை நினைவூட்டினார். 2021ஆம் ஆண்டு ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றிற் சுட்டுக்கொண்டிருந்த வேளையில், அவருடைய கருவி பழுதடைந்தது. ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பல நிமிடங்கள் அதனைச் சீர்செய்வதிலே கழிந்தன. இறுதிச் சுற்றுக்கு அவர் தேர்வாகவில்லை. அப்போது அவருக்கு வயது 19. மூன்றாண்டுகளின் பின், 2024இல், பாரிஸ் நகரில் அதே போட்டியில் வெண்கலப் பதக்கமும், சரப்ஜோத் சிங்கோடு கலப்புக் குழுப் போட்டியில் மற்றொரு வெண்கலமும் வென்றார். உலகின் மிகச் சிறந்த கருவியும் வேண்டிய வேளையிற் கைவிடலாம். அப்போதும் நிலைகுலையாதிருக்க மனத்தைப் பழக்குதல் கருவியைப் பழக்குவதினும் அரிது. மகள் அதற்குப் பின் சலிக்கவில்லை. குறிப்பேட்டுக்கு அட்டை போடத் தொடங்கினாள்.

வேலை முடிந்தது. கறுத்த துணிகளை ஒரு பையிற் கட்டி வைத்தனர். கருவி பெட்டியிலும், பெட்டி இரும்பலுமாரியிலும், சாவி அன்பரின் இடுப்பிலும் சேர்ந்தன. துணைவியார் சவர்க்காரத்தைக் கையிற் கொடுத்து மூவரையும் கிணற்றடிக்கு அனுப்பினார். கை கழுவி வந்த பின்னரே தேநீர் கிடைத்தது.

இருட்டிய பின் கீழிறங்கி வாவிக்கரை வழியே நடந்தோம். வாவிக்கு அப்பால் பழைய அரண்மனையின் கூரைகள் தெரிந்தன. லெவ்கே திசாவையின் பீரங்கி நினைவுக்கு வந்தது. நாயக்கர் வழிவந்த முதற் கண்டி மன்னர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில், 1745 அளவில், அம்மன்னருக்குக் காணிக்கையாக அமைந்தது அது. வெண்கலக் குழலில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்து, சூரியன், பிறை, சிங்கம் ஆகிய கண்டியரசின் சின்னங்களைப் பொறித்த கைவண்ணம். 1765இல் ஒல்லாந்தர் கண்டியைக் கைப்பற்றி அரண்மனையைச் சூறையாடிய போது அதுவும் கொண்டுபோகப்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, இரண்டு பெருந்துவக்குகள், வாள்கள், கத்தி ஆகியவற்றோடு 2023இல், 258 ஆண்டுகளின் பின், நாடு திரும்பிற்று. அது இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது. அரண்மனையில் அன்று இருந்த எத்தனையோ துவக்குகள் துருவேறி மண்ணாகிவிட்டன. எடுத்தவர் கையிலாயினும், துடைத்துப் பேணுவார் இருந்தமையாலேயே இது எஞ்சிற்று. எடுத்தது தவறு; பேணியது நன்று; திருப்பித் தந்தது முறை. மூன்றையும் தனித்தனியே சொல்லுதல் வேண்டும்.

இந்நாட்டிற் சுடுகலன் வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும்; அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தலும் வேண்டும். தாளில் உள்ள உரிமத்தை அரசாங்கம் புதுப்பிக்கும். அதனை வைத்திருக்கத் தகுந்தவர் என்னும் உரிமத்தை ஒருவர் ஒவ்வொரு முறை பெட்டி திறக்கும் போதும் தாமே புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும்.

மறுநாட் காலை அவலும் கடலையும் உண்ண மீண்டும் அங்கே சென்றிருந்தோம். தையல் மெஷின், அன்பர் தொழிற்சாலையிற் பயன்படுத்திய பழைய திருகுசாவிகள், மகளின் புத்தகங்கள், அருவாமனை யாவும் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. கைத்துப்பாக்கிப் பெட்டியும் ஓரத்தில் இருந்தது. "சந்தனத்தைப் பெட்டிக்கு வை, மகள், எஃகில் வைத்தால் ஈரம் பிடித்துவிடும்" என்றார் அன்பர். அவள் பெட்டிக்குப் பொட்டிட்டாள்.

தீபாராதனைக்கு முன் பெட்டியை ஒரு முறை திறக்கச் சொன்னார் அன்பர். முதல் நாள் இரவு தன் கையாலேயே துடைத்து, தன் கண்ணாலேயே பார்த்து, தானே உள்ளே வைத்த கருவி அது. இரவு முழுவதும் பூட்டியிருந்த அலுமாரியிலிருந்து அப்பொழுதுதான் வந்தது. மகள் அதனை எடுத்தாள், குழலைச் சுவரின் பக்கம் திருப்பினாள், கூட்டைக் கழற்றினாள், மேற்பகுதியை இழுத்து நிறுத்தினாள், குனிந்து உள்ளே பார்த்தாள்.

வாயிற்படியில் நின்றிருந்த தாயார் அப்பொழுதுதான் கூடத்துக்குள் வந்து, கற்பூரத்தை ஏற்றினார்.